வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை

1940 மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள். சென்னையில் கப்பலேறும் 1,400 டன் நிலக்கடலையை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து எண்ணெய் ஆலை ஒன்று வாங்குகிறது. டன் 12 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் விலை. மொத்தம் 16,975 பவுண்டு. பணத்தை லண்டனில் ஹாம்ப்ரோஸ் வங்கி கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. விற்ற ஜே.ஹெச். ரேனர் நிறுவனத்தார் விலைப்பட்டியலையும் கப்பல் சீட்டையும் வங்கியில் நீட்டினார்கள். வங்கி கையை விரித்துவிட்டது.

கடலையைப் பற்றி வங்கி ஒரு குறையும் சொல்லவில்லை. குறை தாளில் இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த தந்தி ‘கோரமண்டல் நிலக்கடலை’ என்றது. கப்பல் சீட்டு ‘இயந்திரத்தில் தோடு உடைத்த கடலைப் பருப்பு’ என்றது. எண்ணெய் வித்து வியாபாரத்தில் இருந்த எல்லாருக்கும் இரண்டும் ஒன்றே என்று தெரியும். கீழ் நீதிமன்றம் விற்றவர் பக்கம் சாய்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. வேர்க்கடலை, மல்லாட்டை, கச்சான் என்று எப்படிச் சொன்னாலும் ஒரே பண்டம்தான் என்பது நமக்குத் தெரியும். அதை வங்கியும் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். பணத்துக்கு ஏற்பாடு செய்த சில நாட்களில், ஏப்ரல் 9 அன்று, ஜெர்மானியப் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்துவிட்டன என்பது தனிக்கதை.

கேட்டால் வங்கியின் மேல் எரிச்சல்தான் வரும். ஆனால், முன்பின் தெரியாத இருவர் கடல் தாண்டி வியாபாரம் செய்ய முடிகிறதென்றால் அதற்கு வங்கியின் இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். அது எப்படி என்று பார்க்க, ஒரு கம்பெனியின் ஒரே ஓர் ஆர்டரைப் பின்தொடர்ந்து போவோம்.

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பனியன் கம்பெனி. ஹாம்பர்க்கில் ஒரு துணி இறக்குமதியாளர். 10,000 டி-சட்டைகள், ஒன்று 3 டாலர், மொத்தம் 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சட்டைகள் லாரியில் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்புக்கும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்கும் போகும். வாரக்கணக்கில் ஆகும் பயணம். இதில் யார் முதலில் கையை நீட்டுவது? பணம் வந்தால்தான் சரக்கு என்று திருப்பூர்க்காரர் சொன்னால், ஹாம்பர்க்காரர் 30,000 டாலரை அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சரக்கு வந்தபின் பணம் என்று அவர் சொன்னால், இவர் 10,000 சட்டைகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுத் தூக்கம் கெடவேண்டும். ஏமாந்தவர் வழக்குப் போடுவதென்றாலும் எந்த நாட்டில், எந்த மொழியில் போடுவது?

இந்த முடிச்சை அவிழ்க்கும் கருவிக்குத் திருப்பூரில் எல்லாரும் சொல்லும் பெயர் எல்.சி. லெட்டர் ஆஃப் கிரெடிட்டின் சுருக்கம். தமிழில் கடனுறுதிக் கடிதம் எனலாம். ஹாம்பர்க்காரர் தம் வங்கியிடம் போகிறார். அந்த வங்கி திருப்பூர்க்காரருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: ‘இன்னின்ன தாள்களை இன்ன தேதிக்குள் கொடுங்கள், பிழையில்லாமல் இருந்தால் பணம் தருகிறேன். வாங்குபவர் மனம் மாறினாலும் தருவேன், திவாலானாலும் தருவேன்.’ அறிமுகமில்லாத ஒரு வியாபாரியின் வாக்கு இருந்த இடத்தில் இப்போது ஒரு வங்கியின் வாக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. திருப்பூர்க்காரர் இனி ஹாம்பர்க்காரரை நம்பத் தேவையில்லை. அவர் வங்கியை நம்பினால் போதும்.

இந்த வாக்கு ஸ்விஃப்ட் என்ற செய்திப் பின்னலின் வழியாக வருகிறது. 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இன்று 11,000க்கும் மேற்பட்ட நிதி நிறுவனங்களை இணைக்கிறது. எல்.சி.க்கு உரிய படிவத்தின் எண் எம்.டி. 700. அதில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கட்டம் உண்டு. 44சி: கடைசியாகச் சரக்கு கப்பலேறவேண்டிய நாள். 45ஏ: சரக்கின் விவரம். 46ஏ: என்னென்ன தாள்கள் வேண்டும். எல்.சி. வந்ததும் ஏற்றுமதிக் கம்பெனியின் டாக்குமென்டேஷன் பிரிவில் இருப்பவரின் கண் நேரே 46ஏ மீதுதான் விழும். அவருக்குச் சட்டையைவிட அந்தக் கட்டம் முக்கியம்.

இந்த விளையாட்டின் விதிகளை எந்த நாட்டுப் பாராளுமன்றமும் இயற்றவில்லை. 1919இல் தொடங்கப்பட்ட, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகக் கழகம் என்ற தனியார் அமைப்பு 1933இல் அவற்றைத் தொகுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பதிப்பு, யு.சி.பி. 600 என்பார்கள். மொத்தம் 39 பிரிவுகள். இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்று எல்.சி.யிலேயே ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒற்றை வரியால்தான் விதிகளுக்கு உயிர். ஐந்தாம் பிரிவு மிகச் சிறியது. மொத்த விஷயமும் அதில் அடக்கம். வங்கிகள் தாள்களோடு மட்டுமே தொடர்பு கொள்கின்றன, சரக்கோடு அல்ல என்கிறது அது.

ஏன் அப்படி? ஹாம்பர்க் வங்கியில் இருப்பவருக்குத் துணியின் தரம் தெரியாது. கடலையும் தெரியாது, மருந்தும் தெரியாது, இரும்பும் தெரியாது. சரக்கைப் பார்த்துத்தான் பணம் தரவேண்டும் என்றால் அவர் எல்லாத் தொழிலையும் கற்கவேண்டும், அல்லது வாங்குபவர் சொல்லும் குறைகளுக்கெல்லாம் காது கொடுக்கவேண்டும். காது கொடுக்கத் தொடங்கிய நொடியே வாக்கு நீர்த்துப்போகும். ‘சாயம் கொஞ்சம் மங்கல்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பணத்தை நிறுத்திவிடலாம். தாளை மட்டும் பார்ப்பேன் என்று வங்கி கண்ணைக் கட்டிக்கொள்வதால்தான் அதன் வாக்குக்கு விலை இருக்கிறது.

தாளைத்தான் பார்ப்பது என்றான பிறகு, தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு வேண்டும். விதிகள் அதையும் செய்திருக்கின்றன. ‘மாதத் தொடக்கம்’ என்றால் 1 முதல் 10 வரை. ‘மாத நடு’ என்றால் 11 முதல் 20 வரை. ‘மாத முடிவு’ 21 முதல் கடைசி நாள் வரை. இன்ன தேதி ‘வாக்கில்’ என்று எழுதினால் அதற்கு ஐந்து நாள் முன், ஐந்து நாள் பின். தொகைக்கோ அளவுக்கோ முன்னால் ‘சுமார்’ என்று ஒரு சொல் போட்டால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். நாம் வீட்டில் ‘மாசக் கடைசியில் தருகிறேன்’ என்று எவ்வளவு தாராளமாகச் சொல்கிறோம்!

எழுத்துப் பிழைக்கும் தனி ஏற்பாடு உண்டு. வங்கிகள் தாளைச் சோதிப்பதற்கென்றே வெளியான வழிகாட்டி, ஆங்கிலத்தில் ‘மெஷின்’, ‘மாடல்’, ‘ஃபவுண்டன் பென்’ ஆகியவற்றில் எழுத்து மாறினாலும் பொருள் மாறாது, ஆகவே அது குறையில்லை என்கிறது. ஆனால் ‘மாடல் 321’ இருக்கவேண்டிய இடத்தில் ‘மாடல் 123’ இருந்தால் அது குறைதான், ஏனென்றால் அது வேறொரு பொருளாக இருக்கக்கூடும். 1940இன் கடலை வழக்கையும் விதிகள் மறந்துவிடவில்லை. இன்றைய விதிப்படி விலைப்பட்டியலில் மட்டும் சரக்கின் விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகவேண்டும். கப்பல் சீட்டு போன்ற மற்றத் தாள்களில், முரண்படாத பொதுப்பெயர் இருந்தாலே போதும்.

கண்டிப்பு ஏற்றுமதியாளருக்கு மட்டும் அல்ல. தாள் கையில் வந்ததிலிருந்து வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வேலைநாள்தான். அதற்குள் எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்லிவிடவேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று இழுக்க முடியாது. கெடு தவறினால் குறை சொல்லும் உரிமையே போய்விடும்.

இந்தக் கண்கட்டைப் பயன்படுத்தி ஏமாற்ற முடியாதா? முயன்றார்கள் என்று ஒரு வழக்கே உண்டு. 1941, நியூயார்க். லக்னோ நிறுவனம் ஒன்றிடம் பன்றி மயிர் வாங்க ஒருவர் எல்.சி. திறந்தார், தூரிகை செய்யும் மயிர். ஐம்பது பெட்டிகள் கப்பலேறின. தாள்கள் எல்லாம் கச்சிதம். பெட்டிகளில் இருந்ததோ மாட்டு மயிரும் குப்பையும் என்று வாங்கியவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் சொல்வது உண்மையானால், விற்றவரின் மோசடி பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குத் தெரிவிக்கப்பட்ட நிலையில், பணத்தைத் தடுக்கலாம் என்றார் நீதிபதி. சரக்கு மட்டம் என்பது வேறு, சரக்கே இல்லை என்பது வேறு. இந்த ஒரு சன்னலைத்தான் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அதுவும் மிகச் சிறிய சன்னல்.

திருப்பூரில் எல்லா ஆர்டரும் எல்.சி.யில் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெரிய ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் பல, சரக்கு வந்து இத்தனை நாள் கழித்துப் பணம் என்றுதான் வாங்குகின்றன. அப்போது ஆபத்தெல்லாம் விற்பவர் தலையில். அதற்குக் காப்பீடு தருவதற்காகவே 1957இல் மத்திய அரசு ஓர் அமைப்பை நிறுவியது, இன்று இ.சி.ஜி.சி. என்று அறியப்படுவது. வாங்குபவர் கைவிரித்தால் இழப்பின் பெரும்பகுதியை அது ஈடுகட்டும்.

நம் கதைக்கு வருவோம். எல்.சி. வந்துவிட்டது. இனிக் கொள்முதல். ஒரு தாள் எப்படி நூலாகிறது என்பது இங்கேதான் தெரியும். எல்.சி.யைக் காட்டினால் திருப்பூர் வங்கி ‘பேக்கிங் கிரெடிட்’ என்ற முன்கடன் கொடுக்கும். இன்னும் தைக்காத சட்டைக்கு ஹாம்பர்க் வங்கி கொடுத்த வாக்கை நம்பி, இங்கே நூல் வாங்கப் பணம் கிடைக்கிறது. பின்னால் வரும் ஏற்றுமதிப் பணத்தில் கடன் கழியும்.

எவ்வளவு நூல்? ஒரு சட்டைக்கு, வெட்டுக்கழிவும் சேர்த்து, 200 கிராம் துணி என்று கொண்டால் 10,000 சட்டைக்கு இரண்டு டன். சட்டைக்குப் பரவலாக எடுப்பது முப்பதாம் நம்பர் நூல், அதாவது 30 கவுன்ட். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜ நீளமுள்ள கழிகள் எத்தனை என்பதே கவுன்ட். முப்பது கழி என்றால் ஒரு கிலோவில் சுமார் 50 கிலோமீட்டர் நூல். ஒரு சட்டைக்குப் பத்துக் கிலோமீட்டர்! நம் சின்ன ஆர்டரின் மொத்த நூல் நிலநடுக்கோட்டை இரண்டரைச் சுற்றுச் சுற்றிவரும். நூல் வாங்கும் மேலாளர் இதை நினைப்பாரா தெரியாது. அவர் கவலை வேறு. அவர் கிலோவில் வாங்குகிறார், கம்பெனி எண்ணிக்கையில் விற்கிறது. நிட்டிங்கில் கொஞ்சம், சாயப்பட்டறையில் கொஞ்சம், கட்டிங் மேசையில் கொஞ்சம் என்று எடை கரைந்துகொண்டே வரும். துணியின் சதுர மீட்டர் எடை, அவர்கள் மொழியில் ஜி.எஸ்.எம்., 160 இருக்கவேண்டியது 168 ஆகிவிட்டால் அதே நூலில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் சட்டை குறையும். அதாவது சுமார் 475 சட்டை. வாங்குபவர் அந்தக் கூடுதல் கனத்துக்கு ஒரு காசும் தரப்போவதில்லை.

நூலும் துணியும் மட்டுமல்ல. கழுத்து லேபிள், துவைக்கும் முறை சொல்லும் லேபிள், பட்டன், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி எல்லாம் தனித்தனி இடங்களிலிருந்து வரவேண்டும். 44சி கட்டத்தில் உள்ள தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொன்றுக்கும் நாள் குறிப்பவரை மெர்ச்சண்டைசர் என்பார்கள். ஒரு லேபிள் ஒரு வாரம் தாமதமானாலும் மொத்த ஆர்டரும் நிற்கும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், செலவு கம்பெனியுடையது. அதில் லாபம் முழுக்க ஆவியாகிவிடும்.

செலவெல்லாம் ரூபாயில், வரவு டாலரில். டாலர் விலை ஒரு ரூபாய் இறங்கினால் நம் ஆர்டரில் 30,000 ரூபாய் காணாமல் போகும். இதற்கும் ஒரு வழி உண்டு: மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலைக்கு வங்கியிடம் விற்றுவிடலாம். ஃபார்வேர்டு, அதாவது முன்விலை ஒப்பந்தம். இந்த விலையை வங்கி ஜோசியம் பார்த்துச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படையில் அது வெறும் கணக்கு. வங்கி இன்று டாலரைக் கடன் வாங்கி, ரூபாயாக்கி, வட்டிக்குப் போட்டு, மூன்று மாதத்தில் உங்கள் டாலரால் அந்தக் கடனை அடைக்கும். ஆகவே முன்விலையில் இருக்கும் வித்தியாசம் இரு நாடுகளின் வட்டி வித்தியாசமே. ரூபாய் வட்டி கூடுதலாக இருக்கும்வரை, முன்விலையில் டாலருக்கு இன்றைய விலையைவிடச் சற்று அதிகமாகவே கிடைக்கும்.

சட்டைகள் தைத்தாயிற்று. வாங்குபவரின் ஆய்வாளர் வருகிறார். அவர் 10,000 சட்டையையும் புரட்டுவதில்லை. 200 சட்டைகளை ஆங்காங்கே உருவுகிறார். 200இல் பத்துக் குறைச் சட்டை வரை இருந்தால் தேறியது. பதினொன்று என்றால் மொத்த லாட்டும் தோற்றது. இது ஏ.க்யூ.எல். 2.5 எனப்படும் அட்டவணையின்படி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் வாங்கிக் குவித்த தளவாடங்களைச் சோதிக்க வளர்த்தெடுத்த புள்ளியியல் முறையின் வாரிசு இது. தோட்டாவுக்குப் போட்ட கணக்கு இன்று பனியனுக்கு வந்திருக்கிறது. வியப்பு என்னவென்றால், லாட் பெருக்கும் வேகத்தில் மாதிரி பெருகுவதில்லை. 35,000 சட்டைக்கு 315 போதும். ஐந்து லட்சத்தைத் தாண்டினாலும் 500 போதும், அது எத்தனை லட்சமானாலும். முடிவின் துல்லியம் உருவிய எண்ணிக்கையைப் பொறுத்ததே தவிர, உருவாமல் விட்ட குவியலைப் பொறுத்ததல்ல.

அடுத்தது சுங்கம். சட்டைக்கு ஓர் எண் வேண்டும்: 61091000. முதல் இரண்டு இலக்கம் பின்னலாடை. நெய்த துணிச் சட்டையானால் 62 ஆகியிருக்கும். நான்கு இலக்கம் சேர்ந்தால் டி-சட்டை, பனியன் வகை. ஆறு சேர்ந்தால் பருத்தி. அதுவரை உலகம் முழுவதும் ஒரே எண். கடைசி இரண்டு இந்தியா சேர்த்தது. 1988 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இந்த ஹெச்.எஸ். வரிசை, மனிதன் விற்கும் அத்தனையையும் ஐயாயிரத்துச் சொச்சம் அறைகளில் அடைத்திருக்கிறது. எந்த அறை என்பதைப் பொறுத்து வரி மாறும் என்பதால் சண்டைக்குக் குறைவே இல்லை. சிறு பாட்டிலில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? ஹெச்.எஸ்.ஸைப் பின்பற்றிய நம் கலால் அட்டவணையில் எழுந்த இந்தக் கேள்வியில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 2024 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, தலைக்கானது என்று பொட்டலத்தில் உரியபடி குறித்திருந்தாலொழிய அது சமையல் எண்ணெயே என்றார்கள்.

இனிக் கொள்கலன். அதன் நெற்றியில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டிருப்பதைத் தூத்துக்குடி சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது பார்த்திருப்பீர்கள். அது காவல் இலக்கம். சி.எஸ்.க்யூ.யு. 305438 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணையில் ஒரு மதிப்பு உண்டு. இங்கே 13, 30, 28, 32. பத்து இடங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்து 512 வரை பெருக்கிக் கூட்டினால் 6,185. பதினொன்றால் வகுத்தால் மீதி 3. அந்த மூன்றுதான் கட்டத்துக்குள் இருக்கும். யாராவது 305438ஐ 035438 என்று இடம் மாற்றி அடித்துவிட்டால் மீதி 7 வரும். கணினி அங்கேயே நிறுத்திவிடும். உலகத் துறைமுகங்களில் கோடிக்கணக்கான பெட்டிகள் பெருமளவு தொலையாமல் இருப்பதில் இந்தச் சின்னக் கணக்குக்கும் பங்கு உண்டு.

பெட்டி தூத்துக்குடியில் தூக்கப்படுகிறது. திருப்பூரில் எல்லாரும் விலை சொல்வது எஃப்.ஓ.பி. கணக்கில்: கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு, ஏற்றிய பின் வாங்குபவர் பொறுப்பு. ஏற்றுவது என்றால் எந்த நொடி? நெடுங்காலம் கப்பலின் விளிம்புக் கம்பியைத் தாண்டும் நொடி என்று கொண்டார்கள். லண்டன் துறையில் இந்திய அரசுக்காக வாங்கிய ஒரு தீயணைப்பு வண்டி, பாரந்தூக்கியிலிருந்து அந்த விளிம்பைத் தாண்டுமுன் கீழே விழுந்தது. ஆகவே சேதம் விற்றவர் தலையில். 1954இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி டெவ்லினே கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைக் கிண்டலடித்திருக்கிறார். இத்தகைய விற்பனைச் சொற்களுக்கான தன் விதிகளின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பன்னாட்டு வணிகக் கழகம் விளிம்பை எடுத்துவிட்டு, கப்பலில் வைத்த பின் என்று மாற்றியது. கொள்கலன்களுக்கு எஃப்.ஓ.பி.யே பொருந்தாது என்றும் கழகம் சொல்லிவருகிறது, ஏனென்றால் பெட்டி முனையத்தில் ஒப்படைத்ததுமே விற்பவர் கையை விட்டுப் போய்விடுகிறது. யார் கேட்கிறார்கள்? பழகிய வார்த்தையை வியாபாரி எளிதில் விடமாட்டார்.

ஏற்றியதும் கப்பல் நிறுவனம் ஒரு தாள் தருகிறது. பி.எல்., அதாவது பில் ஆஃப் லேடிங்; கப்பலேற்றுச் சீட்டு. மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்த்தால் ரசீது. ஆனால் பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனைப் போல, இதைக் கொண்டுவந்து நீட்டுபவருக்குத்தான் ஹாம்பர்க்கில் பெட்டி கிடைக்கும். டோக்கனைவிட ஒரு படி மேல்: பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்தால், நடுக்கடலில் இருக்கும் சரக்கே கைமாறிவிடும். லண்டன் வணிகர்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று 1794இல் வணிகர்களே அடங்கிய நடுவர் குழு உறுதிசெய்தது. அன்றிலிருந்து அது சட்டம். எண்ணெய்க் கப்பல் ஒன்று புறப்பட்ட துறைக்கும் சேரும் துறைக்கும் நடுவில் பலமுறை விற்கப்படுவது இந்தக் கையெழுத்தின் பலத்தால்தான்.

அசல் தாள் வழக்கமாக மூன்று. பாய்மரக் காலத்தில் ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்றில் போன தாள் சேரட்டும் என்று தனித்தனிக் கப்பலில் அனுப்பிய பழக்கத்தின் மிச்சம். மூன்றில் ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. அதனால் எல்.சி.யில் ‘மூன்றும் முழுசாக’ வேண்டும் என்று கேட்பார்கள்.

இப்போது எல்லாம் ஒன்று கூடுவதைப் பாருங்கள். திருப்பூர்க்காரர் பி.எல்.லை விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட் முதலியவற்றோடு தம் வங்கியில் கொடுக்கிறார். கப்பலேறிய நாளிலிருந்து, எல்.சி.யில் வேறு கெடு இல்லையென்றால், 21 நாளுக்குள். சட்டை கப்பலில் போகிறது. சட்டையின் உரிமை கூரியர் உறைக்குள் விமானத்தில் போகிறது. ஹாம்பர்க் வங்கி தாளைச் சோதித்துப் பணத்தை அனுப்புகிறது. வாங்குபவரிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு பி.எல்.லைக் கொடுக்கிறது. அவர் அதைக் கப்பல் முகவரிடம் நீட்டிப் பெட்டியை எடுக்கிறார். பணமும் சரக்கும் சேர்ந்து ஒரே ஆளின் கையில் இருந்த நொடி இந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. வாங்குபவர் பணம் தராவிட்டால்? பெட்டியின் சாவி வங்கியின் அலமாரியில்.

சரக்கைப் பணம் கொடுத்தவனின் பிடியில் நிறுத்தும் யோசனை மிகப் பழையது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், சேர நாட்டு முசிறிப் பயணத்தைச் சார்ந்தது. இந்தியாவிலிருந்து வரும் சரக்கு அலெக்சாண்ட்ரியாக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் கடன் கொடுத்தவரின் அதிகாரத்திலும் முத்திரையிலும் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைப் பகுதி நறுமணத் தைலப்பூண்டு, யானைத்தந்தம். நான்கில் ஒரு பங்கு சுங்கம் போக மதிப்பு 1,154 தாலந்து. அன்றைய எகிப்தியக் கணக்கில் ஏறத்தாழ 69 லட்சம் டிராக்மா. முசிறியில் அந்தச் சரக்கை விற்றவர்களின் பக்கத்துக் கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஏற்றுமதியாளரின் முதல் ஃபைல் நம் கையில் இருந்திருக்கும்.

தாளை ஒழித்துக் கணினிக்கு மாற்றுவது எளிதுதானே என்று தோன்றும். முயன்று கொண்டேதான் இருக்கிறார்கள். சிக்கல் ஓரிடத்தில்: பி.எல்.லின் பலமே அது ஒரே சமயத்தில் ஒருவர் கையில்தான் இருக்கமுடியும் என்பது. கணினிக் கோப்பின் இயல்போ, நொடியில் ஆயிரம் பிரதியாவது. நான் உங்களுக்கு அனுப்பிய பிறகும் என்னிடம் அது இருக்கிறது. ஆகவே ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 2017இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தபோது, ‘கையில் வைத்திருத்தல்’ என்பதற்குப் பதில் ‘கட்டுப்பாடு’ என்ற கருத்தை வைத்தது. பிரதிகள் எத்தனை இருந்தாலும் சரி. எது செல்லுபடியாகும் ஆவணம், யார் அதை இயக்கலாம் என்பதை அமைப்பு உறுதிசெய்யவேண்டும், கைமாறியதும் கொடுத்தவரின் கட்டுப்பாடு அறுந்துபோகவேண்டும். 2023 செப்டம்பரில் பிரிட்டனில் இதே நோக்கமுள்ள சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 1856ஆம் ஆண்டின் பி.எல். சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. பழைய சட்டத்தில் இருந்தது மொத்தம் மூன்றே பிரிவுகள். 2030க்குள் முழுவதும் மின்வடிவ பி.எல். என்று ஒன்பது பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. தாளில் வரும் பி.எல். மட்டும், மூன்று அசலும் முழுசாக, இன்றும் கூரியர் உறையில்தான் ஹாம்பர்க் போகிறது.